ஆடிக் கூழும் அவரைப் பந்தலும்

தறி ஓடுகிற காலத்தில் நெசவாளியும், மழை பெய்கிற காலத்தில் குடியானவனும் ஆறுதலைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. நூல் வராமல் தறி நின்று, வானம் பொய்த்துக் கிணறு வற்றி, நோய் வந்து ஊரே கதவடைத்துக் கொள்ளும் காலத்தில்தான் மனம் ஒரு பிடியைத் தேடுகிறது. அவ்வாறு தேடுகிற மனம் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கே செல்கிறது. ஒன்று அடுப்படி, மற்றொன்று கோயில், மூன்றாவது வீட்டுக் கொல்லை. உணவும் பக்தியும் தோட்டமும் துன்பத்துக்கு மருந்தாகா, அவை வெறும் மனமயக்கங்களே என்று படித்தவர்களிற் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருக்கும் நானும் ஒரு காலத்தில் அவ்வாறு ஒதுக்கியவனே. அது தவறென்று எனக்கு எவ்வாறு தெரிந்தது என்பதையும், இவ்விஷயத்தில் நம் சங்கங்களுக்கு உள்ள கடமை யாது என்பதையும் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓர் ஆய்வுக் குறிப்பு

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் தேதி முதல் கொரோனா நோயின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. கடைகள் அடைபட்டன, திருமணங்கள் சுருங்கின. திருமணம் இல்லையேல் பட்டு வேட்டிக்கு ஏது கிராக்கி? சேலம் வெண்பட்டுக்குப் பெயர் போன நம் பகுதியில் நெய்த துணி தேங்கிற்று. நெய்வதற்குப் பாவு கிடைப்பதும் அரிதாயிற்று.

அவ்வாண்டு ஆடி மாதக் கடைசியில், சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் உள்ள அயோத்தியாப்பட்டணத்தின் பக்கத்தில் ஒரு நெசவாளர் சங்கத்துக்கு ஆய்வுக்காகச் சென்றேன். சில்லறைச் செலவுப் புத்தகத்தில் "விதை வகைக்கு ரூ. 740" என்று ஒரு பற்று எழுதப்பட்டிருந்தது. நெசவாளர் சங்கத்துக்கு விதை எதற்கு? காரியதரிசி என்னைக் கிடங்குக்குப் பின்புறம் அழைத்துச் சென்றார். குப்பையும் உடைந்த தறிச் சாமான்களும் கிடந்த இடம் கொத்திச் சீர்செய்யப்பட்டு, பாத்தி கட்டிக் கீரை முளைத்திருந்தது. ஓரத்தில் அவரைக் கொடிக்காகப் பழைய மூங்கில்களைக் கொண்டு பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிர்வாகக் குழுவின் தீர்மானம் எங்கே என்று கேட்டேன். தீர்மானம் இல்லை. அங்கே மண்வெட்டியுடன் நின்ற வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், "சார், தறி நின்னு போச்சு. ஆனா கை நிக்க மாட்டேங்குதே, என்ன பண்றது?" என்றார். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. "முறையான அனுமதியின்றிச் செய்த செலவு" என்று ஆட்சேபணை எழுதிவிட்டுத் திரும்பினேன்.

தை மாதத்தில் மறுபடியும் அங்கே செல்ல நேர்ந்தது. என் ஆட்சேபணைக்குரிய தொகைக்குக் குழு கூடிப் பின்னேற்புத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது, கணக்கு நேராயிற்று. ஆனால் கணக்கில் ஏறாத செய்தி ஒன்றைக் காரியதரிசி சொன்னார். நாள்தோறும் காலையில் வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு பிடி கீரை வாங்கிச் செல்வது அங்கே வழக்கமாகிவிட்டதாம். தார் சுற்றிப் பிழைக்கும் மூதாட்டி ஒருத்தி இரண்டு நாள் கீரைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று போய்ப் பார்த்தார்கள். ரேஷன் அரிசி மூட்டை பிரிக்கப்படாமல் இருக்க, பொங்கிச் சாப்பிட எழுந்திருக்க முடியாத காய்ச்சலில் அவள் கிடந்தாள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். உயிர் பிழைத்தாள்.

அந்தப் பிடி கீரையின் விலை சில ரூபாய்தான் இருக்கும். ஆனால் கீரை வாங்க வராதவள் யார் என்று கவனிக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். அதற்கு என்ன விலை போடுவது? என் ஆய்வுப் படிவத்தில் அதற்குக் கலம் இல்லை. தனியொருவன் தேடும் ஆறுதல் அவனோடு முடிந்துவிடுகிறது. சில சமயம் கடனாகவும் மாறிவிடுகிறது. பலர் கூடித் தேடும் ஆறுதலோ ஒருவரை ஒருவர் காக்கும் காவலாகிவிடுகிறது. நான் சொல்ல வந்த கருத்து இதுவே.

பஞ்சம் தந்த பாடம்

முதலில் உணவை எடுத்துக்கொள்வோம். நம் சேலம் மாவட்டம் பசியை நன்கு அறிந்த மாவட்டம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அப்போதைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 19½ லட்சம். பத்தாண்டு கழித்து 1881இல் எடுத்த கணக்கில் அது ஏறக்குறைய 16 லட்சமாகக் குறைந்திருந்தது. இறந்தவர் போக, பிழைப்பைத் தேடி வெளியேறியவர்களும் இக்கணக்கில் அடங்குவர். ரயிலில் தானியம் வந்த ஊர்களிலும் மக்கள் மடிந்தார்கள் என்பது அப்பஞ்சத்தின் கொடுமை. தானியம் இருந்தது; வாங்கக் கையில் கூலி இல்லை. நெசவாளிக்கு முதலில் அற்றுப் போவது கூலி. பசி அதன் பின்னே வருகிறது.

இரண்டாவது உலக யுத்தத்தில் 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. திருவிதாங்கூர் மக்களை அப்போது தாங்கியது மரவள்ளிக் கிழங்கு. மலேயாவிலிருந்தும் பிற அந்நிய நாடுகளிலிருந்தும் வந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோன அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான், 1943ஆம் ஆண்டு வாக்கில், சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. பிற்காலத்தில் அத்தொழிலினர் இடைத்தரகர்களின் பிடியிலிருந்து விடுபட 1981இல் கண்ட வழியும் கூட்டுறவே. அதுதான் சேகோசர்வ் சங்கம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கஷ்ட காலத்தின் மாற்றுப் பண்டம் ஒரு மாவட்டத்தின் ஜீவனோபாயமாகவே ஆகிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆலைக்காக விளைவிக்கும் கசப்பு வகைக் கிழங்கை அடுப்புக்குக் கொண்டு போகலாகாது. சமையலுக்கு உரிய இனிப்பு வகையையும், தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். ஆடு மாடுகள் பச்சை இலையை மேய்ந்து இறந்த செய்திகளைக் குடியானவர்கள் அறிவார்கள்.

கஷ்ட காலத்தில் நாக்கு ருசியைத் தேடுவது இயற்கை. வீட்டில் அடைபட்டிருந்த 2020இல் எண்ணெய்ப் பண்டங்களில் ஆறுதல் தேடியவர் பலர். அவ்வாண்டு மே மாதத்தில் மதுக்கடைகள் திறந்தபோது நின்ற வரிசையையும் நாம் பார்த்தோம். ஆனால் மனம் நிறைந்த சாப்பாடு என்று எதைச் சொல்கிறோம்? தாய் கிளறிய கேழ்வரகுக் களியையும், கீரைக் கடைசலையும், கொள்ளு ரசத்தையும் நாலு பேர் உட்கார்ந்து உண்டதைத்தான் சொல்கிறோம். "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழி வறுமையைப் புகழ வந்ததன்று. வறுமையிலும் மனிதன் தன் மதிப்பை விட்டுவிடலாகாது என்பதே அதன் பொருள்.

வழியில் ஒரு சத்திரம்

இனி, பக்தியைப் பற்றி. அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் கோயிலை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. அதன் மண்டபத்துச் சிற்பத் தூண்களைக் காண வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் அயோத்தி சேருமுன் இங்கே தங்கித் தம் பட்டாபிஷேகக் கோலத்தைக் காட்டியருளினார் என்று தலபுராணம் கூறும். ஊரின் பெயருக்கும் அதையே காரணம் சொல்வர். அந்தக் கதையில் என் மனத்தைத் தொட்ட பகுதி ஒன்று உண்டு. பதினான்கு ஆண்டு வனவாசம் முடிந்துவிட்டது, யுத்தமும் முடிந்துவிட்டது. ஆயினும் வீடு இன்னும் வந்தபாடில்லை. இடையில் ஒரு தங்கல் தேவைப்படுகிறது. பக்தியின் இடம் அதுவே என்று நினைக்கிறேன். நம்பிக்கை வழிப்போக்கனுக்கு ஒரு சத்திரம். அங்கே இளைப்பாறலாம், பின்னர் எழுந்து நடக்கத்தான் வேண்டும்.

2020 மார்ச்சு மாதத்தில் அடைத்த பெரிய கோயில்களின் கதவுகள் செப்டம்பர் முதல் தேதிதான் மக்களுக்குத் திறந்தன. அந்த ஆண்டு ஆடி, சேலத்துக்குத் திருவிழா இல்லாத ஆடி. கோட்டை மாரியம்மன் முதலாக ஊர்தோறும் அம்மன் கோயில்களில் ஆடிப் பண்டிகை கொண்டாடும் இந்நகருக்கு அது எவ்வளவு பெரிய வெறுமை என்பதைப் பிற ஊரார் அறிவது கடினம். ஆயினும் பெண்கள் தத்தம் வாசலிலேயே கூழ் காய்ச்சிப் படைத்து, எட்ட நின்று அயலாருக்கு ஊற்றினார்கள்.

அந்தக் கூழைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆடி மாதம் பழைய விளைச்சல் தீர்ந்து புது விளைச்சல் வராத மாதம். குடியானவன் வீட்டுக் குதிர் காலியாக இருக்கும் காலம். அம்மை முதலிய நோய்கள் பரவிய நாட்களில் மக்கள் அஞ்சி வணங்கிய தெய்வம் மாரி. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சொல்லும் விதைப்பின் பருவமும் அதுவே. ஆக, பசிக்குக் கூழும், பயத்துக்குப் பக்தியும், எதிர்காலத்துக்கு விதையும் ஒரே மாதத்தில் வந்து கூடுகின்றன. பல ஊர்களில் அம்மனுக்கு எடுக்கும் முளைப்பாரியும் தானிய முளைப்பை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. நம் முன்னோர் இம்மூன்றையும் தனித்தனியே வைக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

கூழ் ஊற்றும் முறையும் கவனிக்கத்தக்கது. வீட்டுக்கு வீடு கம்போ கேழ்வரகோ தங்கள் சக்திக்கு ஏற்பக் கொடுக்கிறார்கள். எல்லாம் ஒரே அண்டாவில் வேகிறது. ஊற்றும்போது நீ எத்தனை படி கொடுத்தாய் என்று எவரும் கேட்பதில்லை. சக்திக்கு ஏற்பப் பங்கு, பசிக்கு ஏற்பப் பயன். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் இவ்வாறே மதம் பாராமல் அண்டை அயலாருக்குப் போய்ச் சேர்கிறது. சட்டப் புத்தகத்தில் கூட்டுறவு என்ற சொல் ஏறுவதற்கு முன்பே அதன் சாரம் நம் தெருக்களில் இருந்தது.

ஆனால் பக்தி தனிவழி போகும்போது அபாயமும் உண்டு. நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே கடன் இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க வட்டிக்காரனிடம் கைக்கடன் வாங்கிக் கிடா வெட்டி ஊருக்கு விருந்து வைத்து, பிறகு தறியையே விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தெய்வமும் அதைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மேலும், சங்கம் எல்லா மதத்தாருக்கும் பொது. அங்கத்தினரின் பக்தி அவரவர் உரிமை. சங்கத்தின் பணத்தை விழாவுக்குச் செலவிட உரிமை இல்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

ஒரு சென்ட் நிலம்

தோட்டத்தைப் பற்றி நெசவாளிக்குச் சொல்வது இன்னும் அவசியம். குழித்தறியில் கால் இறங்கி, கண் ஒரு முழ தூரத்திலேயே நிலைத்து, நாள் முழுவதும் குனிந்திருப்பவனுக்கு வெளியே பச்சை நிறத்தைப் பார்ப்பதும், நிமிர்ந்து நடப்பதும், மண்ணைத் தொடுவதும் உடம்புக்கே ஓர் ஓய்வு. மனத்துக்கோ அதைவிடப் பெரிய நன்மை. தறி நின்ற வீட்டில் நாளைக்கு என்று எதிர்பார்க்க ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. விதை போட்டவனுக்கு நாளை என்று ஒன்று உண்டு. மூன்றாம் நாள் முளை வந்ததா என்று பார்க்க எழுந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. அவ்வளவு இடம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கறிக்குப் பெரும் பகுதி கிடைத்துவிடும். அரைக்கீரையும் சிறுகீரையும் ஏறக்குறைய 30 நாளில் அறுப்புக்கு வரும். வெண்டை 45 நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கும். ஆடியில் ஊன்றிய அவரை பனிக்காலத்தில் பந்தல் நிறையக் காய்க்கும். விதையிட்டு வளர்க்கும் செடிமுருங்கை ஆறு மாதத்தில் பலன் கொடுக்கும். ஓரத்தில் ஒரு பப்பாளியும் ஒரு கறிவேப்பிலையும் போதும். சமையலறைக் கழிநீரில் சோப்பு கலவாததைச் செடிக்கு விடலாம். சாயப்பட்டறைத் தண்ணீரை ஒருபோதும் விடக்கூடாது. திருமணிமுத்தாறு அடைந்திருக்கும் கதியே அதற்குச் சாட்சி. நிலமில்லாதவர்கள் பழைய தொட்டிகளிலும் சாக்குப் பைகளிலும் கீரை போடலாம். இதில் விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. தங்களிடம் உள்ள நாட்டு விதையில் ஒரு கைப்பிடியை நெசவாளர் வீட்டுக்குக் கொடுத்து, விதைக்கும் பக்குவத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரு தொழிலாரும் படிக்கும் இப்பத்திரிகையின் நோக்கம் அதனால் நிறைவேறும்.

ராச்டேல் நெசவாளரின் கனவு

நெசவாளிக்கும் தோட்டத்துக்கும் என்ன உறவு என்று இன்னும் ஐயுறுவோர்க்குக் கூட்டுறவின் வரலாற்றையே காட்டுகிறேன். 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பெரும்பாலும் நெசவாளரும் பிற தொழிலாளருமான 28 பேர் சேர்ந்து, வாரம் சில பென்னிகளாகச் சேமித்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் மூலதனம் திரட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி ஒரு சிறு கடை திறந்தார்கள். அதில் வைத்த சரக்குகள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி முதலியவை. கூலி குறைந்து வேலை அற்ற பசிக் காலத்தில் அவர்கள் முதலில் நாடியது கலப்படமற்ற உணவை.

அவர்கள் தங்கள் நோக்கங்களாக எழுதி வைத்தவற்றுள் நாம் பெரும்பாலும் நினைவுகூராத ஒன்று உண்டு. வேலை இழந்த அங்கத்தினர்களும், குறைந்த கூலியால் அவதிப்படும் அங்கத்தினர்களும் பயிர் செய்வதற்காகச் சங்கம் நிலம் வாங்க வேண்டும், அல்லது குத்தகைக்கு எடுக்க வேண்டும் என்பதே அது. தறி நின்றால் மண் இருக்க வேண்டும் என்று கூட்டுறவின் முன்னோடிகளான நெசவாளர்களே எண்ணியிருக்கிறார்கள். அயோத்தியாப்பட்டணத்துப் பெரியவர் ராச்டேல் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆயினும் மண்வெட்டியோடு நின்று அவர் சொன்னதும் அதையே. அதைத்தான் நான் ஆட்சேபணையாக எழுதினேன்!

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"கூலி கேட்டால் கீரை விதை கொடுக்கிறீர்களா?" என்று ஓர் அங்கத்தினர் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆறுதல் வேறு, பரிகாரம் வேறு. நெய்து கொடுத்த துணிக்குக் கூலியைக் காலத்தில் கொடுப்பது, தரமான நூலைத் தடையின்றி வழங்குவது, தேங்கிய சரக்குக்குச் சந்தை தேடுவது, விவசாயிக்குப் பயிர்க்கடனை விதைப்புக்கு முன்பே கொடுப்பது ஆகியவை சங்கத்தின் முதற் கடமைகள். அவற்றைச் செய்யாமல் பந்தல் போட்டுக் காட்டும் சங்கம் அங்கத்தினரை ஏமாற்றுவதாகும். கூலிப் பாக்கியை அவரைக்காயால் தீர்க்க முடியாது.

அதேபோல, கூலி மட்டும் கொடுத்தால் சங்கத்தின் வேலை முடிந்துவிட்டது என்பதும் சரியன்று. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் ரேஷன் கடைகளின் மூலம் கிடைத்தன. தமிழ்நாட்டில் அக்கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே என்பது நமக்குப் பெருமை. ஆனால் மேலே சொன்ன மூதாட்டியின் வீட்டில் அந்த அரிசி இருந்தும் உலை ஏறவில்லை. அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு இருந்தது. அவள் எழுந்தாளா என்று பார்க்க அக்கீரைப் பாத்திதான் இருந்தது.

செய்ய வேண்டுவன

ஆகவே சங்கங்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வன இவை. சங்கத்துக்குச் சொந்தமான காலியிடம் எத்தனை சென்ட் உள்ளது என்று இந்த மாதக் குழுக் கூட்டத்திலேயே கணக்கெடுங்கள். அதில் காய்கறி விளைவிக்கவும், விளைந்ததைப் பகிர்ந்துகொள்ளவும் ஓர் எளிய தீர்மானம் போடுங்கள். முதற் பங்கு நோயுற்ற வீட்டுக்கும் தறி நின்ற வீட்டுக்கும் என்று அதில் எழுதுங்கள். லாபம் காணும் சங்கங்களில் பொது நன்மை நிதி என்று ஓர் இனம் இருக்கிறது. விதிகளுக்கு உட்பட்டு அதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று அதிகாரிகளைக் கேளுங்கள். தீர்மானமும் ரசீதும் முறையாக இருந்தால் எந்த ஆய்வாளரும் ஆட்சேபணை எழுத இடம் இராது. இதை ஓர் ஆய்வாளனே சொல்கிறேன். நெசவாளர்கள் தங்கள் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியின் பங்கைத் தவறாமல் செலுத்துங்கள். நல்ல காலத்தில் சேர்த்த அந்தத் தொகை கெட்ட காலத்தில் நேர்த்திக்கடனுக்கும் மருந்துக்கும் வட்டிக்காரனிடம் போகாமல் காக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவில் எந்த வீட்டில் இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை என்று பாருங்கள். இதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை, நிதியும் வேண்டியதில்லை.

துன்பக் காலம் இனி வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. வரும்போது ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள் ஆறுதல் தேடிக் கிடப்பதா, ஒரே அண்டாவைச் சுற்றி நிற்பதா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். தனிமரம் தோப்பாகாது. அடுத்த ஆடிக்கு முன்பாக ஒவ்வொரு சங்கத்தின் பின்புறத்திலும் ஓர் அவரைப் பந்தல் எழுமானால், அடுத்த ஆய்வில் அதை ஆட்சேபணைப் பகுதியில் எழுதாமல், சங்கத்தின் சொத்துக்களில் ஒன்றாகக் குறித்து வைக்கக் காத்திருக்கிறேன்.